ஹேர் டிரான்ஸ்பிளான்ட் முடிந்து ஆபீஸ் திரும்புகிறவர்கள் செய்யக்கூடாதவை

சென்னையில் ஒரு கிளினிக்கில், முடி நட்டவர்களுக்குத் தலை கழுவிவிடுவது என் வேலை. ஆபரேஷன் முடிந்து எழுந்ததுமே எல்லாரும் கேட்பது, "திங்கட்கிழமை ஆபீஸ் போனா தெரியுமாண்ணே?" தண்ணி, சிகரெட் கூடாது என்பதெல்லாம் டாக்டரே சொல்லிவிடுவார். புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்பச் சறுக்குவது வேறு இடங்களில்.

பொருக்கைச் சுரண்டுவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது. நம் நிறத்துக்குத் தலையின் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது, காட்டிக்கொடுப்பது நெற்றி ஓரத்தில் புள்ளி புள்ளியாக நிற்கும் பொருக்குதான். அதனால் ஆபீஸ் போவதற்கு முந்தின ராத்திரி பாத்ரூமில் நின்று நகத்தால் சுரண்டிவிடுகிறார்கள். ஐடி கம்பெனித் தம்பி ஒருவர் அப்படிச் செய்துவிட்டு, மறுநாள் மத்தியானம் நெற்றியில் கைக்குட்டையை அழுத்திப் பிடித்தபடி ஆபீஸிலிருந்து நேராக எங்களிடம் வந்தார். கைக்குட்டையில் ரத்தத்தோடு ஒட்டியிருந்தது பொருக்கு மட்டுமில்லை, அடியில் சின்ன வெங்காயம் போல வெள்ளை வேரோடு கிராஃப்டும், அதாவது பின்மண்டையிலிருந்து எடுத்து நட்ட முடியும், இருந்தது. காய்ந்துபோனது, திரும்ப நட முடியாது. பின்மண்டையில் அதை எடுத்த இடத்திலும் இனி முளைக்காது. அங்கே இருக்கிற முடி அளவானதுதான், கிராஃப்டுக்கு இவ்வளவு என்று எண்ணிக் காசு கட்டியிருக்கிறார், எல்லாம் ஒரு மீட்டிங்குக்காகப் போயிற்று.

நட்ட வேர் பிடிக்கப் பத்து நாள் வாக்கில் ஆகும். அதுவரை கை வைக்காதீர்கள். டாக்டர் சரி என்றபிறகு ஷாம்பு நுரையைத் தடவி, பத்து நிமிஷம் ஊறவிட்டு, விரல் நுனிச் சதையால் மெதுவாக உருட்டி, ஷவரைத் திறக்காமல் மக்கில் தண்ணீர் மொண்டு ஊற்றுங்கள், அதுவாகவே உதிரும். அப்போது பொருக்கோடு ஒரு முடி வந்தாலும் ரத்தம் வராவிட்டால் பயமில்லை.

லீவைக் குறைத்துப் போடுவது

மூன்றாம் நாள் நெற்றி வீக்கம் கண்ணுக்கு இறங்கும், சிலருக்குக் கண் திறக்கவே முடியாது. புதன்கிழமை செய்துகொண்டு சனிக்கிழமை ஷிஃப்டுக்குப் போகலாம் என்று கணக்குப் போடுகிறவர்களிடம் மன்றாடியே சொல்கிறேன், பத்து நாளாவது போடுங்கள். கிடைக்காவிட்டால் வீட்டிலிருந்து வேலை கேளுங்கள்.

ஹெல்மெட்

டாக்டர் சொல்லும்வரை வண்டியே எடுக்காதீர்கள். பஸ், மெட்ரோ, ஆட்டோ.

பழனியில் மொட்டை போட்டேன் என்பது

நல்ல சாக்குதான், ஆனால் பொருக்கு உதிர்ந்தபிறகு சொல்ல வேண்டியது. சாதாரண மொட்டையில் முன்னால் மட்டும் புள்ளிக் காயமும், பின்னால் குத்தியெடுத்த தடமும் இருக்காதே. சிலர் கதை பொருந்தட்டும் என்று சந்தனத்தை வேறு அப்பிக்கொண்டு வருகிறார்கள். ஆறாத காயத்தில் அது வேண்டவே வேண்டாம்.

முடியை அடர்த்தியாகக் காட்டும் பொடி

காயம் முழுசாக ஆறி, டாக்டர் சரி என்கிறவரை தொடாதீர்கள். டையும் அப்படியே.

உதிர ஆரம்பித்ததும் பயப்படுவது

இரண்டு மூன்று வாரம் கழித்து, நட்ட முடி கொட்டும். வேர் உள்ளே இருக்கிறது. மூன்று நான்கு மாதத்தில் மெல்லிசாக முளைக்கத் தொடங்கும், முழுசாகத் தெரிய ஒரு வருஷம் ஆகும். நடுவில் இருக்கும் அந்த மாதங்களில் பழைய தலை போலத்தான் தெரியும் என்பதால் ஆபீஸில் எதையும் மறைக்க வேண்டியதே இல்லை, கண்ட எண்ணெயைத் தேய்த்துக் கெடுத்துக்கொள்ளாமல் இருந்தால் சரி.