வாத்து கோதிக்கொள்வதற்கு நாமே குறுக்கே நிற்கும் தவறுகள்

பிசான நெல் அறுப்பு முடிந்து மேய்ச்சல் வாத்துகள் வயலில் இறங்கினால் போதும், எங்கள் பக்கம் யாராவது நாலு வாத்து வாங்கிப் புறவாசலில் விட்டுவிடுகிறார்கள். தீனி, அடைப்பு பற்றி எல்லோரும் விசாரிக்கிறார்கள். வாத்து நாளெல்லாம் இறகு கோதுவதை மட்டும் யாரும் கவனிப்பதில்லை.

குடிக்க மட்டும் தண்ணீர் வைப்பது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. தலை முங்காத தட்டில் தண்ணீர் வைத்தால் கண்ணிலும் மூக்கிலும் தவிடு அப்பிக்கொள்ளும். இறகுக்கு அதைவிடக் கேடு. வாத்து முதலில் குளிக்கும், உதறும், அப்புறம்தான் கோதும். வாலடியில் மேல்பக்கம் உள்ள எண்ணெய்ச் சுரப்பியை அலகால் தேய்த்து நெஞ்சு, விலா, சிறகு என்று பூசும். அலகு எட்டாத தலையை முதுகில் உருட்டித் தேய்க்கும். ஒவ்வொரு இறகையும் அலகில் இழுத்துவிடும்போது, பிரிந்த இழைகளின் நுண்கொக்கிகள் மறுபடி மாட்டிக்கொள்ளும். தண்ணீரை உள்ளே விடாதது எண்ணெய் மட்டுமல்ல, இந்தப் பின்னலும்தான். குளியல் இல்லையென்றால் அழுக்கேறி இரண்டும் கெடும்.

மேலப்பாளையம் பக்கம் ஒரு அண்ணாச்சி கோடையிலிருந்து சோற்றுத் தட்டிலேயே தண்ணீர் வைத்துவந்தார். ஐப்பசி மழையில் பாளையங்கால்வாய் நிறைந்ததும் வாத்துகளை இறக்கிவிட்டார். கொஞ்ச நேரத்தில் பின்பக்கம் அமிழ, நெஞ்சு இறகு தோலோடு ஒட்ட, கரையேற முடியாமல் தத்தளித்தன. அன்று ராத்திரியே இரண்டு விறைத்துச் செத்தன. “நீச்சல் மறந்துபோச்சு” என்றார். நீச்சல் மறக்கவில்லை அண்ணாச்சி, இறகு கெட்டுப்போயிருந்தது.

ஒரு பழைய அண்டா போதும். ஏறி இறங்கச் செங்கல் வையுங்கள். தினமும் தண்ணீரை மாற்றி, பழையதை வாழைக்கு ஊற்றுங்கள். இறகு கெட்ட வாத்தை ஆழத்தில் விடாதீர்கள். அண்டாக் குளியலும் காய்ந்த வைக்கோலும் கொடுத்துத் தேற்றுங்கள்.

சோப்பு போடுவது

வேண்டவே வேண்டாம். எண்ணெய் போய்விடும்.

சுரப்பியைக் கட்டி என்று அமுக்குவது

வாலடி இறகை விலக்கினால் சின்ன மேடு, நுனியில் குஞ்சம் போலக் கொஞ்சம் இறகு, தொட்டால் பிசுபிசுப்பு. அதுதான் சுரப்பி. மஞ்சள் அப்பாதீர்கள். சிவந்து வீங்கியிருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கோழி அடைகாத்துப் பொரித்த வாத்துக் குஞ்சைக் குளத்தில் விடுவது

நனைந்து விறைத்துவிடும். ஆழமில்லாத தட்டில் சில நிமிடம், உடனே கதகதப்பு.

இறகு உதிர்ந்தால் பதறுவது

வருஷந்தோறும் பழையது உதிர்ந்து புதியது முளைக்கும். அப்போது கூடுதலாகவே கோதும், விட்டுவிடுங்கள். ஒரே இடத்தையே சொறிந்தால் பேன் பாருங்கள். கோதாமல் ஒதுங்கி நிற்கிற வாத்தைத்தான் உடனே தூக்கி, கண், மூக்கு, நெஞ்சு இறகு மூன்றையும் பார்க்க வேண்டும்.