அகதிகள் முகாமுக்குப் பொருள் வாங்கப் பணம் திரட்டுவது எப்படி? (சிங்கப்பூரில் சொந்தம் இருந்தால் அவசியம் படிக்கவும்)

போரில் வீடு இழந்து வந்தவர்களுக்கு என்றால் காரைக்குடிப் பக்கம் யாரும் கையை மூடுவதில்லை. 1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்தபோது கடையையும் கணக்கையும் விட்டுவிட்டு நடந்தே ஊர் திரும்பிய ஐயாக்களின் கதை இங்கே பல வீடுகளில் உண்டு. அதனால் எப்படிக் கேட்பது என்பதைச் சொல்லப் போவதில்லை. வந்த பணத்தைக் கையாள்வதில்தான் வேலையே இருக்கிறது.

முதலில் பட்டியல். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்றால் வருவாய்த் துறையிடம் அனுமதி வாங்கிக்கொண்டு போய், அங்குள்ள பெண்களிடமே கேளுங்கள். எங்களிடம் கேட்டது நாப்கின், போர்வை, பிள்ளைகளுக்கு உள்ளாடை, நைட்டி. கண்டாங்கிச் சேலைதான் கொடுப்பேன் என்று ஒரு ஆச்சி பிடிவாதமாக நின்றார், அவரைச் சமாளித்தது தனிக்கதை.

அடுத்து வங்கிக் கணக்கு, இரண்டு பேர் பெயரில். இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்கலாம் என்று வைத்தால் ஜிபே, போன்பே எதுவும் அதில் இணையாது. யாராவது ஒருவர் போதும் என்று வைத்துவிட்டு, வாராவாரம் ஸ்டேட்மென்ட்டை வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். எக்செல் வேண்டாம். மொய் நோட்டு மாதிரி ஊர், பெயர், தொகை எழுதினாலே போதும், எல்லோருக்கும் புரியும்.

இனிதான் சிக்கல். சிங்கப்பூர் சித்தப்பா அனுப்புகிறேன் என்பார், சரி என்று சொல்வதற்கு முன்னால் அவர் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று கேளுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் என்றால், தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம். அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) இருந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாமல் அதை இந்த வேலைக்கு வாங்கக் கூடாது. பதிவு உள்ள அமைப்புக்கு அனுப்பச் சொல்லி அவர்களிடமிருந்து நாம் வாங்கிக்கொள்ளலாமே என்று தோன்றும், அந்த வழியையும் 2020 திருத்தத்தில் அடைத்துவிட்டார்கள். அந்த அமைப்பே பொருளை வாங்கிக் கொடுக்கட்டும், நீங்கள் பட்டியலை மட்டும் அனுப்புங்கள். சித்தப்பாவுக்குக் கோபம் வரும், நாலு நாளில் சரியாகிவிடும்.

பொருளை மொத்தக் கடையில் ஜிஎஸ்டி பில்லோடு வாங்குங்கள். வண்டி வாடகையும் செலவுதான், அதையும் நோட்டில் ஏற்றுங்கள்.

பின்சேர்க்கை: வரிவிலக்கு உண்டா என்று சிலர் கேட்டிருந்தார்கள். தனிநபர் கணக்குக்குக் கிடையாது. 80ஜி (நன்கொடை கொடுப்பவருக்கு வரிச்சலுகை தரும் அங்கீகாரம்) உள்ள அறக்கட்டளைக்குக் கொடுத்தால், பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு உண்டு, அங்கேயும் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கிடையாது.