வீட்டு இன்சூரன்ஸைப் புதுப்பிக்க மாட்டோம் என்று கடிதம் வந்தால்: கலிபோர்னியா மலைப்பகுதித் தமிழர்களுக்கு

கடிதத்தில் முதலில் இரண்டு தேதிகளைப் பாருங்கள். ஒன்று கடிதம் அனுப்பப்பட்ட தேதி, மற்றொன்று பாலிசி முடியும் தேதி. கலிபோர்னியாவில் ஒரு வீட்டு பாலிசியைப் புதுப்பிக்க மறுக்கும் நிறுவனம் குறைந்தது 75 நாள் முன்னதாக அதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 2020 ஜூலைக்கு முன்பு 45 நாளே தந்தார்கள். உங்கள் கடிதத்தில் 75 நாளுக்குக் குறைவாக இருந்தால், அது அனுப்பப்பட்ட நாளிலிருந்து 75 நாள் முடியும்வரை பழைய பாலிசி அதே நிபந்தனைகளோடு நீடிக்கும். கடிதம் வந்த உறையையும் தூக்கிப் போடாதீர்கள். தபால் முத்திரையில் உள்ள தேதி பின்னால் உதவும்.

நான் இருப்பது எல் டொராடோ கவுண்ட்டியில் கமினோ என்ற ஊர். ஹைவே 50-ஐ ஒட்டிய மலைச்சரிவு, ஆப்பிள் தோட்டங்களும் பைன் மரங்களும் சூழ்ந்த இடம். 2021 ஆகஸ்டில் கால்டோர் தீ கிரிஸ்லி ஃப்ளாட்ஸ் ஊரை ஏறக்குறைய முழுவதுமாக விழுங்கியது. அதன் பிறகு எங்கள் தெருவில் இந்தக் கடிதம் வராத வீடு அரிது. எங்களுக்கும் வந்தது. ஃபால்சம், ஆபர்ன், சான்டா குரூஸ் மலை என்று பல இடங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். அவர்களுக்குத் தொலைபேசியில் சொல்வதையெல்லாம் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன்.

பலர் தங்கள் மீது ஏதோ குற்றச்சாட்டு வந்ததுபோல் கூனிக் குறுகிவிடுகிறார்கள். அதற்கு அவசியமே இல்லை. 2018 நவம்பரில் கேம்ப் தீ பாரடைஸ் நகரை அழித்து 85 உயிர்களைக் கொண்டுபோன பிறகு, இந்த மாநிலத்தில் இன்சூரன்ஸ் நிறுவனங்கள் தங்கள் கணக்கையே திருப்பிப் போட்டுவிட்டன. ஸ்டேட் ஃபார்ம் 2023 மே மாதத்தில் புதிய வீட்டு விண்ணப்பங்களை நிறுத்தியது. 2024 மார்ச்சில் வீடுகள், அடுக்குமாடிகள் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 72,000 பாலிசிகளைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று அறிவித்தது. ஒரு டாலர்கூட இழப்பீடு கேட்காதவர்களும் அதில் இருந்தார்கள்.

முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை

காரணத்தை எழுத்தில் கேளுங்கள். "காட்டுத்தீ அபாயம்" என்ற இரண்டு சொல்லோடு விடாதீர்கள். உங்கள் வீட்டுக்கு அவர்கள் கொடுத்த காட்டுத்தீ அபாய மதிப்பெண் என்ன, எதை வைத்துக் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். 2022 அக்டோபரில் வந்த மாநில விதிமுறைப்படி, அந்த மதிப்பெண்ணைத் தெரிந்துகொள்ளவும் அதை எதிர்த்து மேல்முறையீடு செய்யவும் வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. நிறுவனங்கள் வானிலிருந்து எடுத்த படங்களை வைத்து முடிவு செய்வதும் நடக்கிறது. அந்தப் படம் பழையதாக இருக்கலாம். நீங்கள் வெட்டி அகற்றிவிட்ட மரம் அதில் இன்னும் நின்றுகொண்டிருக்கலாம். படத்தையும் அதன் தேதியையும் கேட்டு வாங்குங்கள்.

மதிப்பெண் திருத்தப்பட்டால் பிரீமியம் குறையலாம். ஆனால் உங்களை வைத்துக்கொண்டே தீர வேண்டும் என்ற கட்டாயம் அதனால் நிறுவனத்துக்கு வராது. ஆகவே மேல்முறையீடு ஒரு பக்கம் நடக்கட்டும், புதிய பாலிசி தேடும் வேலை இன்னொரு பக்கம் நடக்கட்டும். ஒன்றின் முடிவுக்காக மற்றொன்றை நிறுத்தி வைத்தால் 75 நாளும் கரைந்துவிடும்.

அடுத்து, உங்கள் அஞ்சல் குறியீடு தடைக்காலத்தில் இருக்கிறதா என்று மாநில இன்சூரன்ஸ் துறையின் தளத்தில் பாருங்கள். பெரும் தீக்குப் பிறகு ஆளுநர் அவசரநிலை அறிவித்தால், தீ பரவிய எல்லைக்குள்ளும் அதை ஒட்டியும் உள்ள அஞ்சல் குறியீடுகளில் ஓராண்டுக்குக் காட்டுத்தீயைக் காரணம் காட்டி வீட்டு பாலிசியை ரத்து செய்யவோ புதுப்பிக்க மறுக்கவோ கூடாது. 2018-இல் இயற்றிய எஸ்.பி. 824 சட்டம் அது. வீட்டுக்குச் சேதமே இல்லாவிட்டாலும் இந்தப் பாதுகாப்பு உண்டு. இதைத் தெரியாமல் நிறுவனத்தின் கடிதத்தை அப்படியே ஏற்றுக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் குறியீடு பட்டியலில் இருந்தும் கடிதம் வந்திருந்தால் உடனே துறையிடம் புகார் கொடுங்கள்.

உங்கள் வீட்டின் பெயரில் என்னென்ன இழப்பீட்டுக் கோரிக்கைகள் பதிவாகியிருக்கின்றன என்ற க்ளூ அறிக்கையையும் வாங்கிக்கொள்ளுங்கள். லெக்சிஸ்நெக்சிஸ் நிறுவனம் ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாகத் தரும். ஏழு ஆண்டு வரையிலான பதிவுகள் அதில் இருக்கும். தவறான பதிவு ஒன்று இருந்தாலும் புதிய நிறுவனம் கதவைச் சாத்திவிடலாம்.

புரோக்கரைத் தேடுவது

ஒரே நிறுவனத்துக்கு வேலை செய்யும் ஏஜென்ட், தன் நிறுவனம் மறுத்துவிட்டால் அதற்கு மேல் அதிகம் செய்ய முடியாது. பல நிறுவனங்களோடு தொடர்புள்ள சுயேச்சையான புரோக்கர் வேண்டும். அதிலும் உங்கள் மலைப்பகுதியிலேயே வியாபாரம் செய்பவராக இருந்தால் நல்லது. சான் ஹோசேயில் உட்கார்ந்திருப்பவருக்கு, பிளாசர்வில் பக்கம் எந்த நிறுவனம் எந்தச் சாலைக்கு இந்தப் பக்கம் ஏற்கும், அந்தப் பக்கம் மறுக்கும் என்பது தெரியாது. அக்கம்பக்கத்தில் கடைசியாக யாருக்குப் பாலிசி கிடைத்தது என்று விசாரியுங்கள். எங்கள் தெருவில் அஞ்சல்பெட்டி அருகே நின்று பேசிய பேச்சில்தான் எனக்கு நல்ல புரோக்கர் கிடைத்தார். இன்சூரன்ஸ் துறையின் தளத்திலும் உங்கள் பகுதியில் உள்ள ஏஜென்ட்களைத் தேடும் வசதி இருக்கிறது.

புரோக்கர் உங்களுக்கு "சர்ப்ளஸ் லைன்ஸ்" நிறுவனம் ஒன்றைக் காட்டலாம். மாநிலத்தின் முறையான உரிமப் பட்டியலுக்கு வெளியே இயங்கும் நிறுவனங்கள் அவை. அவற்றின் கட்டணத்தை இன்சூரன்ஸ் ஆணையர் கட்டுப்படுத்துவதில்லை. நிறுவனம் நொடித்துப்போனால் மாநிலத்தின் உத்தரவாத நிதியிலிருந்து உங்களுக்குப் பணம் வராது. அதற்காக ஒதுக்கிவிட வேண்டும் என்று சொல்லமாட்டேன். நிதி வலிமை மதிப்பீட்டைப் பார்த்துவிட்டு, கழிவுத்தொகை, அதாவது இழப்பில் முதலில் நீங்களே ஏற்க வேண்டிய தொகை, எவ்வளவு என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். காட்டுத்தீக்கு மட்டும் தனியாகப் பெரிய கழிவுத்தொகை வைத்த பாலிசிகளும் உண்டு. வீட்டு மதிப்பில் இத்தனை சதவீதம் என்று எழுதியிருந்தால், அதை டாலராகக் கணக்கிட்டுப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

ஃபேர் பிளான்

வேறு யாரும் ஏற்காவிட்டால் கடைசி இடம் கலிபோர்னியா ஃபேர் பிளான். 1968-இல் தொடங்கப்பட்டது. அரசு அலுவலகம் என்றே நம்மில் பலர் நினைக்கிறார்கள். மாநிலத்தில் வியாபாரம் செய்யும் இன்சூரன்ஸ் நிறுவனங்கள் சட்டப்படி சேர்ந்து நடத்தும் கூட்டமைப்பு அது, வரிப்பணத்தில் நடப்பதல்ல. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் பாலிசேட்ஸ், ஈட்டன் தீக்களுக்குப் பிறகு, இழப்பீடு கொடுக்க அது தன் உறுப்பு நிறுவனங்களிடமிருந்து 100 கோடி டாலர் திரட்ட வேண்டியிருந்தது.

வீடுகளுக்கு அதிகபட்சம் 30 லட்சம் டாலர் வரை ஃபேர் பிளானில் காப்பு எடுக்கலாம். ஆனால் அதன் அடிப்படை பாலிசி தீ, மின்னல், புகை, வீட்டுக்குள் நிகழும் வெடிப்பு ஆகியவற்றுக்கே. திருட்டு இல்லை. குழாய் உடைந்து தண்ணீர் புகுந்தால் இல்லை. உங்கள் படிக்கட்டில் வழுக்கி விழுந்த விருந்தாளி வழக்குப் போட்டால், அதற்கும் இல்லை. இந்த ஓட்டையை அடைக்கத்தான் "டிஃபரன்ஸ் இன் கண்டிஷன்ஸ்" என்ற துணை பாலிசி. டி.ஐ.சி. என்று புரோக்கர்கள் சுருக்கிச் சொல்வார்கள். அதை வேறொரு நிறுவனத்தில் தனியாக வாங்க வேண்டும். ஃபேர் பிளான் கிடைத்த நிம்மதியில் டி.ஐ.சி.யை விட்டுவிடுபவர்கள்தான் எனக்கு மிகவும் கவலை தருகிறார்கள். மலையில் பனிக்காலத்தில் குழாய் உறைந்து உடைவது தீயைவிட அடிக்கடி நடப்பது.

ஃபேர் பிளான் விண்ணப்பத்தில் மூன்று இடங்களில் நிதானியுங்கள். முதலாவது, இழப்பீட்டைத் தேய்மானம் கழித்துத் தருவார்களா, புதிதாகக் கட்டும் செலவைத் தருவார்களா என்பது. புதிதாகக் கட்டும் செலவைத் தரும் வழி கூடுதல் கட்டணத்துக்குக் கிடைக்கும், முடிந்தால் அதையே எடுங்கள். இரண்டாவது, வீட்டைத் திரும்பக் கட்ட ஆகும் தொகை. அது விற்பனை விலை அல்ல. உள்ளூர் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் சதுர அடிக்கு இன்று என்ன ஆகும் என்று கேட்டு, அதை வைத்துக் கணக்கிடுங்கள். ஒரு பெருந்தீக்குப் பின் ஊரே ஒரே நேரத்தில் கட்டத் தொடங்கும்போது கூலி ஏறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, இன்றைய கட்டட விதிகளுக்கு ஏற்பக் கட்டுவதற்கான கூடுதல் காப்பு. 1970-களில் கட்டிய வீடு எரிந்தால் 1970-களின் விதிப்படி திரும்பக் கட்ட விடமாட்டார்கள்.

வீட்டுக் கடன் இருந்தால்

ஒரு நாள்கூடக் காப்பு அறுபடக் கூடாது. அறுந்தால், கடன் கொடுத்த வங்கி தானே ஒரு பாலிசியை வாங்கி உங்கள் தலையில் கட்டும். விலை அதிகம், அது காப்பது வங்கியின் பணத்தை. உங்கள் பொருள்கள் எரிந்தால் அதிலிருந்து ஒன்றும் கிடைக்காது. அப்படிக் கட்டணம் வசூலிக்கக் குறைந்தது 45 நாள் முன்பே வங்கி எச்சரிக்க வேண்டும் என்பது கூட்டாட்சி விதி. ஆபர்ன் பக்கம் வயதான பெற்றோர் மட்டும் இருந்த ஒரு வீட்டில் அந்த எச்சரிக்கைக் கடிதங்கள் விளம்பரத் தபாலோடு கிடந்தன. மகன் வந்து பிரித்துப் பார்த்தபோது மாதத் தவணை எகிறியிருந்தது. புதிய பாலிசி வாங்கி ஆதாரம் அனுப்பிய பின், இரண்டும் ஒரே காலத்தில் இருந்த நாட்களுக்கான பணம் திரும்பி வந்தது. பெற்றோர் தனியாக இருக்கும் வீடு என்றால் தபாலை யாராவது வாரம் ஒரு முறை பார்க்க ஏற்பாடு செய்யுங்கள்.

புதிய பாலிசியில் வங்கியின் பெயரும் கடன் எண்ணும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பிரீமியத்தை எஸ்க்ரோ கணக்கிலிருந்து (மாதத் தவணையோடு வங்கி வசூலித்து வைக்கும் பணம்) வங்கி கட்டுவதாக இருந்தால், புதிய நிறுவனத்தின் விவரத்தை நீங்களே அனுப்பி, பணம் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டு உறுதி செய்யுங்கள்.

வீட்டைச் சுற்றி முதல் ஐந்து அடி

கடிதம் வந்ததும் பலர் மரம் வெட்டும் ஆளைக் கூப்பிட்டு, தோட்டத்தின் கோடியில் நிற்கும் பைன் மரத்தைக் காட்டுகிறார்கள். நூறு அடி வரை சுத்தம் செய்ய வேண்டும் என்பது சட்டம், அதைச் செய்யத்தான் வேண்டும். ஆனால் பணமும் நேரமும் குறைவாக இருந்தால் சுவரிலிருந்து தொடங்குங்கள். வீடுகளைப் பெரும்பாலும் பற்றவைப்பது காற்றில் பறந்து வரும் தீக்கங்குகள். தீ ஒரு மைலுக்கு அப்பால் இருக்கும்போதே அவை வந்து விழும். எங்கே விழுகின்றன என்பதைப் பொறுத்தே வீடு பிழைக்கும்.

ஆகவே சுவரை ஒட்டிய ஐந்து அடியில் எரியக்கூடிய எதுவும் வேண்டாம். மரப்பட்டைத் தூளை வாரிவிட்டு ஜல்லி போடுங்கள். ஜூனிப்பர் புதரை வேரோடு எடுங்கள். வீட்டைத் தொடும் மரவேலியின் கடைசிப் பகுதியை உலோகமாக மாற்றுங்கள். மரத் தளத்துக்கு அடியில் விறகு அடுக்காதீர்கள், கூரை விளிம்பின் மழைநீர் வாய்க்காலில் பைன் ஊசிகளைச் சேர விடாதீர்கள். நம் வீடுகளுக்கென்றே சில உண்டு. வாசலில் தேங்காய் நார் மிதியடி, பண்டிகை முடிந்தும் நிலைப்படியில் காய்ந்து தொங்கும் மாவிலைத் தோரணம், சுவரோரம் வரிசையாக வைத்த கறிவேப்பிலைத் தொட்டிகள். மிதியடியையும் தோரணத்தையும் தீக்காலத்தில் எடுத்துவிடுங்கள். தொட்டிகளை ஐந்து அடிக்கு அப்பால் நகர்த்துங்கள், செடிக்கு வெயிலும் கூடுதலாகக் கிடைக்கும்.

பிறகு காற்றுத் துவாரங்கள். பரணுக்கும் வீட்டின் அடித்தளத்துக்கும் உள்ள துவாரங்களில் எட்டில் ஒரு பங்கு அங்குலத்துக்கு மேற்படாத கண்ணுள்ள உலோக வலை அடியுங்கள். பெரிய கண் கொண்ட பழைய வலை வழியாகக் கங்கு உள்ளே போய்ப் பரணைப் பற்றவைக்கும். இத்தனை குறைந்த செலவில் இவ்வளவு பயன் தரும் வேலை வேறில்லை. கூரை மாற்றும் காலம் வந்தால் தீயை மிக நன்றாகத் தாங்கும் ஏ வகுப்புக் கூரை போடுங்கள்.

"சேஃபர் ஃப்ரம் வைல்ட்ஃபயர்ஸ்" என்ற மாநிலத் திட்டத்தில் இந்த வேலைகளெல்லாம் பட்டியலாக இருக்கின்றன. முறையான உரிமம் பெற்ற நிறுவனங்கள் அவற்றுக்குத் தள்ளுபடி தர வேண்டும். ஃபேர் பிளானும் தருகிறது. நாமாகக் கேட்காவிட்டால் பல சமயம் விட்டுப்போகும். ஒவ்வொரு வேலைக்கும் முன்னும் பின்னும் தேதியோடு படம் எடுங்கள், ரசீதுகளை ஒரு கோப்பில் போடுங்கள். மாநிலத் தீயணைப்புத் துறையான கால் ஃபயரை அழைத்து வீட்டைச் சுற்றிய நிலத்தைப் பரிசோதிக்கச் செய்து, அந்த அறிக்கையையும் சேருங்கள். அந்தக் கோப்பைத்தான் என் புரோக்கர் நிறுவனங்களுக்கு அனுப்பினார். அக்கம்பக்கத்தார் ஒன்றுசேர்ந்தால் உங்கள் பகுதிக்கே ஃபயர்வைஸ் என்ற தீத்தடுப்புத் திட்டத்தின் அங்கீகாரம் வாங்கலாம், அதற்கும் தள்ளுபடி உண்டு. எங்கள் தெருவில் வேலி தாண்டிப் பேசாமல் இருந்தவர்கள்கூட அதற்காக ஒரு சனிக்கிழமை சேர்ந்து புதர் வெட்டினார்கள். எனக்கு அது மிகுந்த மகிழ்ச்சி.

ஃபேர் பிளானில் சேர்ந்த பிறகும் தேடலை நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு ஆண்டும் பாலிசி முடிய மூன்று மாதம் இருக்கும்போது, புதிய படங்களோடு புரோக்கரிடம் மீண்டும் கேளுங்கள். தீ அபாயப் பகுதிகளில் கூடுதல் பாலிசிகள் எழுதுவதாக நிறுவனங்கள் ஒப்புக்கொண்டால், எதிர்காலப் பேரிடர் மாதிரிக் கணிப்புகளைக் கட்டணத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்று மாநிலம் விதியை மாற்றியிருக்கிறது. சென்ற ஆண்டு மறுத்த நிறுவனம் இந்த ஆண்டு ஏற்கலாம்.

சந்தேகம் எதுவானாலும் மாநில இன்சூரன்ஸ் துறையை 800-927-4357 என்ற எண்ணில் அழையுங்கள், கட்டணம் இல்லை. பெற்றோருக்கு ஆங்கிலத்தில் பேசத் தயக்கம் என்றால் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று தொடக்கத்திலேயே கேளுங்கள். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து இயங்கும் யுனைடெட் பாலிசிஹோல்டர்ஸ் என்ற லாப நோக்கற்ற அமைப்பின் தளத்தில், பாலிசிகளை ஒப்பிடும் வழியும் நிறுவனத்துக்கு எழுத மாதிரிக் கடிதங்களும் இலவசமாக இருக்கின்றன. கடிதம் வந்த அன்றே அந்தத் தொலைபேசி எண்ணையும் இந்த அமைப்பின் பெயரையும் குறித்து, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் பாலிசி முடியும் தேதிக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.