கிட்டார் பிக் எதை வாங்குவது? மூன்று பிக், ஒரு சாயங்காலம் போதும்

போன சித்திரையில் எங்கள் சேலம் அஸ்தம்பட்டி தெருவில் இருக்கும் கல்லூரிப் பையன் ஒருவன் கிட்டாரோடு வந்து நின்றான். "அண்ணா, ஆறு மாசமா வாசிக்கிறேன், கார்டு எல்லாம் வருது, ஆனா ஒத்தக் கம்பியில பாட்டு வாசிச்சா சத்தமே எழும்ப மாட்டேங்குது, என் கைதான் சரியில்லை போல" என்றான். வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். கையில் ஒரு தப்பும் இல்லை. கிட்டாரோடு இலவசமாக வந்த பிக்கைத்தான் (கம்பியை மீட்டுகிற சின்னத் தகடு) அன்று முதல் வைத்திருந்தான், 0.46 மி.மீ., கம்பியில் பட்டதும் வெற்றிலை மாதிரி மடங்கியது. என்னிடம் இருந்த 1 மி.மீ. பிக்கைக் கொடுத்தேன். அதே பாட்டு, அதே விரல், கம்பி கணீரென்று பேசியது.

ஆறு மாதம் தன் கையையே குறை சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறான். அது எனக்குப் பொறுக்கவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் கிட்டார் வாங்க நாலு கடை ஏறி இறங்குகிறார்கள், பிக்கை மட்டும் கடைக்காரர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

முதலில் உங்கள் கிட்டாரின் கம்பியைப் பாருங்கள்

ஆறும் உலோகக் கம்பி என்றால் மேலே படியுங்கள். மெலிந்த மூன்று கம்பிகளும் மீன் பிடிக்கிற தூண்டில் நரம்பு மாதிரி இருந்தால் அது நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டார், அதை விரலாலும் நகத்தாலும் வாசிப்பதுதான் வழக்கம். பிக் போட்டால் கிட்டார் உடைந்துவிடாது, ஆனால் அதன் மென்மையான தொனிக்கு விரல்தான் பொருத்தம்.

மூன்று பிக் வாங்குங்கள், ஒன்று வேண்டாம்

பிக்கின் முகத்தில் பெரும்பாலும் அதன் தடிமன் மி.மீ. கணக்கில் அச்சிட்டிருக்கும். 0.50 பக்கம் ஒன்று, 0.73 ஒன்று, 1.0 ஒன்று. மூன்றும் ஒரே கம்பெனி, ஒரே வடிவம், ஒரே பொருளாக இருக்கட்டும், அப்போதுதான் தடிமன் மாறினால் என்ன ஆகிறது என்று காதுக்குத் தெரியும். பிக் செய்கிற டன்லப் கம்பெனியின் டார்டெக்ஸ் வகையில் தடிமனுக்கு ஒரு நிறம் வைத்திருக்கிறார்கள்: சிவப்பு 0.50, ஆரஞ்சு 0.60, மஞ்சள் 0.73, பச்சை 0.88, நீலம் 1.0, ஊதா 1.14. எழுத்து அழிந்துபோனாலும் நிறத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்பதால் தொடங்குகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். மூன்றும் சேர்ந்தாலும் ஒரு செட் கம்பி விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

பிடிப்பதைச் சரி செய்துகொள்ளுங்கள்

இதைச் செய்யாமல் எந்த பிக்கையும் எடை போட முடியாது. பல பேர் கோலமாவு எடுக்கிற மாதிரி மூன்று விரலாலும் கிள்ளிப் பிடிக்கிறார்கள். ஆள்காட்டி விரலை மடக்கி, அதன் பக்கவாட்டில் நுனிக் கணுவுக்கு அருகே பிக்கை வையுங்கள், மேலே கட்டை விரலைப் படுக்க வையுங்கள், வண்டிச் சாவியைப் பிடிப்பது போல. வெளியே முனை நாலைந்து மி.மீ. தெரிந்தால் போதும், அதற்கு மேல் நீட்டினால் கம்பியில் மாட்டும். மற்ற விரல்கள் இறுக்கமில்லாமல் இருக்கட்டும்.

பிக்கை எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறோம் என்பதும் தொனியை மாற்றும். நல்ல தடிமனான பிக்கைத் தளர்வாகப் பிடித்தால் ஓரளவு மெல்லிய பிக் மாதிரியே அது நடந்துகொள்ளும், ஆனால் மெல்லிய பிக்கை எவ்வளவு இறுக்கினாலும் அதைத் தடிமனாக்க முடியாது. என்றாவது ஒரே ஒரு பிக்தான் கையில் இருக்கப் போகிறது என்றால் கொஞ்சம் தடிமன் பக்கம் சாயச் சொல்வது இதனால்தான்.

முதல் சோதனை: ஸ்ட்ரம்

ஸ்ட்ரம் என்றால் ஆறு கம்பியையும் ஒரே வீச்சில் மீட்டுவது. ஜி கார்டைப் (கார்டு என்பது பல ஸ்வரம் சேர்ந்து ஒலிக்க விரல் வைக்கும் பிடி) பிடித்துக்கொண்டு, நாலு எண்ணிக்கைக்கு மேலும் கீழுமாக, ஒவ்வொரு பிக்கிலும் இரண்டு நிமிடம் வாசியுங்கள். 0.50-ல் ஆறு கம்பியும் ஒரே அளவில் ஒலிக்கும், கூடவே கஞ்சிரா ஜால்ரா போல ஒரு சலசலப்பு வரும். காரணம் எளிது: நீங்கள் எவ்வளவு வேகமாக வீசினாலும் பிக் வளைந்து கொடுத்துவிடுகிறது, குறிப்பிட்ட அளவுக்கு மேல் கம்பியை இழுக்க அதனால் முடியாது. அதனால் கை தடுமாறினாலும் ஒரு கம்பி மட்டும் துருத்திக்கொண்டு கேட்காது. 1.0-ல் அந்த மன்னிப்பு கிடையாது, மணிக்கட்டு இறுகினால் கம்பியில் தட்டி நிற்கும், ஆனால் தடித்த கம்பிகளின் அடிநாதம் முழுசாக வரும். 0.73 இரண்டுக்கும் நடுவில்.

இரண்டாவது சோதனை: சரளி வரிசை

பாட்டு கற்றவர்களுக்கு இது சுலபம், கற்காதவர்களும் எண்ணைப் பார்த்து வாசிக்கலாம். மெலிந்த கம்பியிலிருந்து எண்ணி மூன்றாவது கம்பியை, இடது விரல் வைக்காமல் திறந்து வாசித்தால் அது ஸ. அதே கம்பியில் 1-வது கட்டை (ஃப்ரெட்) ரி, 4 க, 5 ம, 7 ப, 8 த, 11 நி, 12 மேல் ஸ. இது மாயாமாளவகௌளை ராகம். பிக்கை ஒரு முறை கீழே, ஒரு முறை மேலே என்று மாற்றி மாற்றி, முதலில் மெதுவாக, அப்புறம் இரண்டாம் காலத்தில், அதாவது இரட்டை வேகத்தில்.

இங்கேதான் மெல்லிய பிக் தோற்கும். கீழே அடித்ததும் அது வளைந்து, பழைய நிலைக்குத் திரும்புவதற்குள் அடுத்த அடிக்கு நேரம் வந்துவிடுகிறது, ஸ்வரத்துக்கு முன்னால் 'டக்' என்ற சத்தம் பெரிதாகக் கேட்கிறது. 1.0-ல் கை நகர்ந்த அதே நொடியில் கம்பி பேசும். அந்தப் பையன் ஆறு மாதமாகத் தேடியது இதைத்தான்.

இரண்டு சோதனையும் முடித்த பிறகு, எந்த பிக்கில் எதை வாசிக்கும்போது கை லேசாக இருந்தது என்று ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள். மறுநாள் திரும்ப வாசித்துப் பாருங்கள், முதல் நாள் காது சில சமயம் ஏமாற்றும்.

எந்த வாசிப்புக்கு எது

பாடிக்கொண்டே ஸ்ட்ரம் செய்கிறவர்கள் 0.50 முதல் 0.73 வரை. குத்துப் பாட்டு மாதிரி இடையிடையே அழுத்தி அடிக்க வேண்டியவற்றுக்கு 0.73 வேண்டும், அதற்குக் கீழே போனால் அழுத்தம் விழாது. கார்டைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கம்பியாக மீட்டும் மெலடிக்கு 0.73 முதல் 0.88. ராக், மெட்டல் என்று எலெக்ட்ரிக் கிட்டாரில் வேகமாக வாசிக்க 1.0-க்கு மேல். ஜாஸ் வாசிக்கிறவர்களும் தடித்ததையே விரும்புகிறார்கள். பாஸ் கிட்டாரை விரலால் வாசிப்பவர்களே அதிகம், பிக் வேண்டுமென்றால் 1 மி.மீ.க்குக் குறையாத பெரிய முக்கோணம்.

கர்நாடக இசையை கிட்டாரில் முயல்கிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கமகத்தில் ஒரே மீட்டில் கம்பியை எழுப்பிவிட்டு, இடது விரலைச் சறுக்கியும் கம்பியை இழுத்தும் இரண்டு மூன்று ஸ்வரம் தொட வேண்டும். முதல் மீட்டு பலமாக இல்லையென்றால் மூன்றாவது ஸ்வரம் வருவதற்குள் ஒலி செத்துவிடும். அதனால் தடித்த பிக், முனை கொஞ்சம் உருண்டது. பிக்கால் கமகம் வருமா என்று யாராவது கேட்டால் மாண்டலின் ஸ்ரீநிவாஸைக் கேட்கச் சொல்லுங்கள். அவர் கையில் இருந்ததும் மீட்டும் பிக்தான்.

இதில் எதுவும் சட்டம் இல்லை. குயீன் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் பிரையன் மே பழைய ஆறு பென்ஸ் நாணயத்தால் வாசிப்பவர். துளியும் வளையாத உலோகம், விளிம்பில் இருக்கும் வரிகள் கம்பியில் உரசுவதே அவருடைய தொனியில் ஒரு பங்கு.

வடிவம்

கடையில் அதிகம் கிடைப்பது, வட்ட மூலைகளோடு முக்கோணமாக இருக்கும் 351 வடிவம். தொடங்க அது போதும். முனை கூராக இருந்தால் ஒலி பளிச்சென்று இருக்கும், உருண்டிருந்தால் குழைவாக இருக்கும். அந்த பிக்கையே திருப்பிப் பிடித்துத் தோள்பட்டை மூலையால் வாசித்துப் பாருங்கள், காசு செலவில்லாமல் இன்னொரு பிக் கிடைத்த மாதிரி. ஜாஸ் 3 என்று ஒரு சின்னக் கூரான பிக் உண்டு, வேகத்துக்கு நல்லது, ஆனால் பிடிமானம் பழகாத கையில் நழுவும், ஆறு மாதம் கழித்து வாங்குங்கள்.

பொருள், அதோடு நம்ம ஊர் வானிலை

ஒரு காலத்தில் அழுங்காமை ஓட்டில் பிக் செய்தார்கள். அந்த ஆமைக்கு அழிவு நெருங்கியதால் 1970-களில் உலக அளவில் அந்த வணிகத்துக்குத் தடை வந்தது, நல்லதுதான் செய்தார்கள். 1922-லேயே நியூயார்க்கில் லூயிஜி டி'ஆண்ட்ரியா செல்லுலாய்டில் பிக் வெட்டத் தொடங்கிவிட்டார், 351 என்பதும் அவருடைய எண்தான்.

செல்லுலாய்டின் ஒலி பளிச்சென்று நன்றாக இருக்கும், ஆனால் வழவழப்பு. சேலத்து ஏப்ரல், மே வெயிலில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தாலும் கட்டை விரல் வியர்க்கும், இரண்டாவது பாட்டில் பிக் சுழன்று பக்கவாட்டில் நிற்கும். அதற்கு டார்டெக்ஸ் மாதிரி மாவு பூசியது போன்ற சொரசொரப்பு உள்ளவை, இல்லையென்றால் எழுத்து புடைத்திருக்கும் நைலான் பிக் வாங்குங்கள். நைலான் அதே தடிமனிலும் கொஞ்சம் கூடுதலாக வளையும் என்பதால் ஒரு படி தடித்ததாக எடுக்கலாம்.

ஏற்காட்டில் பிரச்சினை வேறு. ஒரு கிறிஸ்துமஸுக்கு அங்கே பாடகர் குழுவோடு வாசித்தேன், அதிகாலை, ஜன்னல் வரை பனிமூட்டம். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்த கை விறைத்துப் போய், விரல் நுனியில் பிக் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை, வழவழப்பான பிக் முதல் பாடலிலேயே கீழே விழுந்தது. அன்றிலிருந்து மலைக்குப் போனால் புடைப்பெழுத்து நைலான் பிக்தான், அதைப் பாடலுக்கு முன் ஐந்து நிமிடம் உள்ளங்கையில் பொத்தி வைத்துக்கொள்கிறேன்.

செல்லுலாய்டு பிக்கை வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டில் போடாதீர்கள், வளைந்துவிடும். விளக்கு, ஊதுபத்தி பக்கமும் வேண்டாம், தீப்பிடித்தால் சட்டென்று எரியும் பொருள் அது.

தேய்ந்தால்

வாசிக்க வாசிக்க முனை ஒரு பக்கம் சாய்வாகத் தேயும், விளிம்பில் சொரசொரப்பு வரும். அந்த விளிம்பு, சுற்றுக்கம்பி போட்ட தடித்த கம்பிகளில் கர்கர் என்று உரசும். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறையில் வேலை பார்ப்பதைக் கவனித்திருந்தால் தெரியும், அரம் போட்ட தடம் முழுதாகப் போன பிறகுதான் பாலிஷுக்கே போவார்கள். பிக்குக்கும் அதேதான்: 400 நம்பர் உப்புத்தாளில் விளிம்பைச் சமன் செய்து, 1000-ல் தேய்த்து, கடைசியில் பழைய ஜீன்ஸ் துணியில் அழுத்தித் தேயுங்கள். விரலால் தடவினால் எங்கேயும் பிடிக்கக் கூடாது.

கிட்டாருக்குள் விழுந்துவிட்டால்

கட்டாயம் விழும். ஒலித்துளையில் கைவிட்டுத் துழாவ வேண்டாம், உள்ளே இருக்கும் மரச் சட்டங்களில் இடிக்கும், கம்பியும் இழுபடும். கிட்டாரைத் துளை மேலே பார்க்கப் படுக்கவைத்து, மெதுவாக ஆட்டி, பிக்கை அடிப்பலகையில் துளைக்கு நேர் கீழே கொண்டுவாருங்கள், முறத்தில் கல்லை ஓரமாக ஒதுக்குகிற அதே ஆட்டம்தான். பிக் கண்ணுக்கு நேரே வந்ததும் ஒரே வீச்சில் கிட்டாரைத் தலைகீழாகத் திருப்புங்கள், வந்து விழும். இரண்டு மூன்று முறை முயல வேண்டியிருக்கலாம், பொறுமையாகச் செய்யுங்கள். அதுவரை வாசிக்க சட்டைப் பையில் இன்னொரு 0.73 இருக்கட்டும்.