இளவயதில் எச்எஸ்-சிஆர்பி எடுக்கப் போகிறீர்களா?

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். சிஆர்பி என்பது உடம்பில் அழற்சி (உள்வீக்கம்) இருந்தால் ரத்தத்தில் கூடும் ஒரு புரதம். இருபதுகளில் இருக்கும் பிள்ளைகள் அதன் ரிப்போர்ட்டோடு பதறி நிற்பதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

முதலில் டாக்டர் சீட்டைப் பாருங்கள். இதய நோய் அபாயத்தை அறிய என்றால் வெறும் சிஆர்பி போதாது, ‘எச்எஸ்-சிஆர்பி’ என்று இருக்க வேண்டும். மிகச் சிறிய அளவையும் பிடிப்பது அதுதான். வெறும் வயிறு தேவையில்லை. ஆனால் காய்ச்சல், சளி, பல் வீக்கம், காயம், சமீபத்தில் போட்ட தடுப்பூசி என ஏதாவது இருந்தால் இப்போது ரத்தம் கொடுக்காதீர்கள். உடம்பு தேறி இரண்டு வாரமாவது போகட்டும். கருத்தடை மாத்திரையும் அளவை ஏற்றும், டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

ரிப்போர்ட் வந்ததும் எண்ணுக்கு முன்னால் அலகைப் பாருங்கள். இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் 1-க்குக் கீழே குறைந்த அபாயம், 1 முதல் 3 நடுத்தரம், 3-க்கு மேல் அதிகம். டெசிலிட்டர் என்று போட்டிருந்தால் பத்தால் பெருக்குங்கள், அங்கே 0.4 என்பது உண்மையில் 4. எண் 10-ஐத் தாண்டினால் பெரும்பாலும் தொற்றோ வேறு அழற்சியோதான். அதை இதயக் கணக்கில் சேர்க்காமல், காரணத்தைக் கேட்டறிந்து, பிறகு மறுபடி எடுங்கள்.

இரண்டு வார இடைவெளியில் இருமுறை எடுத்துச் சராசரி பார்ப்பதே நம்பகம். அப்போதும் அதிகமென்றால் எல்டிஎல் (கெட்ட கொழுப்பு), ரத்த அழுத்தம், சர்க்கரை அளவுகளோடு சேர்த்தே டாக்டரிடம் காட்டுங்கள். புகை, தொப்பை, ஈறு நோய் மூன்றும் இதை ஏற்றும், மூன்றுமே சரிசெய்யக்கூடியவை.

நெஞ்சு வலி இருந்தால் இந்தப் பரிசோதனைக்கு வராதீர்கள். நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.