பல்டர்ஸ் கேட் 3: நாலு பேரை லெவல் 5 வரை கொண்டுபோவது எப்படி

மாரி தொடங்கிவிட்டால் உப்புவெளிக் கடற்கரையில் மாலையில் நிற்கவே முடியாது, அதனால் போன மாரி முழுக்க மச்சானும் நானும் திரையை இரண்டாகப் பிரித்து, ஆளுக்கு இரண்டு பாத்திரம் என்று, தாயம் உருட்டி அடி விழுவதை முடிவுசெய்கிற பல்டர்ஸ் கேட் 3 என்ற வீடியோ கேமை விளையாடினோம். முதல் தடவை நாலு பேரையும் வாள்காரராகவே எடுத்தோம். கோப்ளின் என்ற குட்டி அரக்கர்களின் முகாமில், உயரத்தில் நின்று அம்பு விட்டவர்களை எட்டவே முடியவில்லை, நாலு பேரும் விழுந்தோம்.

கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். எல்லோரும் கயிற்றையே பிடித்துக்கொண்டு நின்றால், தோணியில் போய் வலை வளைக்க யார் இருக்கிறார்கள்? பார்ட்டியில், அதாவது கூடச் சுற்றும் குழுவில், நாலு பேருக்குத்தான் இடம். விளையாட்டு தரும் துணைவர்களை இப்படிப் பிரிக்கலாம்: முன்னால் நின்று அடி வாங்க லேஸெல் அல்லது கார்லாக், தூரத்திலிருந்து கூட்டத்தைக் கலைக்க கேல், பூட்டும் பொறியும் பார்க்க அஸ்டாரியன், மற்றவர்களைத் தாங்க ஷாடோஹார்ட். முதல் தடவை விளையாடுகிறவர்கள் இதையே எடுங்கள்.

ஷாடோஹார்ட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் அவரைப் போன்ற கிளரிக்கை, அதாவது தெய்வ அருளால் மந்திரம் போடுபவரை, மருந்துப் பெட்டியாகத்தான் பார்க்கிறார்கள். ஒவ்வொரு முறையும் காயம் ஆற்றிக்கொண்டிருந்தால் எதிரியின் அடி எப்போதும் உங்கள் மருந்தை முந்திவிடும். சண்டை தொடங்கியதும் பிளெஸ் என்ற ஆசி மந்திரத்தைப் போடுங்கள். மூன்று பேருக்கு, அடிக்கும் உருட்டலிலும் தப்பிக்கும் உருட்டலிலும் ஒரு நான்கு பக்கத் தாயம் கூடுதலாகச் சேரும், தொடக்க லெவல்களில் இதைவிடப் பெரிய உதவி கிடையாது. ஆனால் பிளெஸ் கான்சன்ட்ரேஷனில், அதாவது போட்டவரின் கவனம் கலையாத வரை, நிற்கிற மந்திரம், அவர் அடி வாங்கினால் கலையலாம். அதனால் உடல் உறுதியைக் காட்டும் கான்ஸ்டிடியூஷன் எண்ணை 14க்குக் கீழே விடாதீர்கள், அவரை முன்வரிசையிலும் நிறுத்தாதீர்கள். யாராவது விழுந்தால் மட்டும் ஹீலிங் வேர்ட் என்ற காயம் ஆற்றும் மந்திரம், அது முக்கிய அடியைச் செலவழிக்காத போனஸ் ஆக்‌ஷன்தான், அப்புறம் அதே முறையில் அவர் அடிக்கவும் செய்யலாம்.

திறன் எண்களைப் பிரிக்கும்போது இரட்டை எண்ணைப் பாருங்கள். 14க்கும் 15க்கும் உருட்டலில் கிடைக்கிற கூட்டல் ஒரே அளவுதான், 16 வந்தால்தான் ஏறும். 17 வைத்தால், லெவல் 4ல் வரும் ஃபீட்டில் (தனித் திறமையோ எண் கூட்டலோ எடுக்கும் வாய்ப்பு) ஒன்றைச் சேர்த்து 18 ஆக்கலாம் என்ற கணக்கோடு வையுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். லெவல் 5 வரை யாருக்கும் வகுப்பை, அதாவது பாத்திரத்தின் தொழிலை, கலக்காதீர்கள். ஃபைட்டர், பார்பேரியன், பாலடின், ரேஞ்சர், மங்க் எல்லோருக்கும் 5ல்தான் இரண்டாவது அடி வருகிறது, கேல் போன்ற விசார்டுக்கு (மந்திரவாதி) ஃபயர்பால் என்ற தீக்குண்டு மந்திரம் வருவதும் அங்கேதான். மூன்றாம் லெவலில் ஆசைப்பட்டு இன்னொரு வகுப்பு எடுத்தால், ஊரே இரண்டு அடி அடிக்கும்போது உங்கள் ஆள் ஒரு அடியோடு நிற்பார். விளையாட்டின் உச்சமே லெவல் 12, ஃபீட்டும் பெரும்பாலான வகுப்புகளுக்கு அந்தந்த வகுப்பின் 4, 8, 12ல்தான் வரும். பாலடின் 6, சோர்சரர் 6 என்று பிரித்தால் மூன்று ஃபீட்டுக்குப் பதிலாக இரண்டுதான், அது தெரிந்து செய்தால் சரி.

லெவல் 5க்கு மொத்தம் 6500 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) வேண்டும். அதற்காக எல்லோரையும் வெட்டித் தள்ளத் தேவையில்லை. புது இடம் கண்டாலும், பேசிச் சமாளித்தாலும் எக்ஸ்பி வரும், எதிரியைக் கொல்லாமல் மயங்கவைத்தாலும் வரும். உங்கள் முகாமில் காத்திருக்கும் துணைவர்களும் கூடவே ஏறுவார்கள், ஆகவே ஆளை மாற்ற யோசிக்க வேண்டாம். கோப்ளின் முகாமுக்கு அவசரப்படாமல் காடு, சதுப்பு எல்லாம் சுற்றிவிட்டுப் போங்கள், நாங்கள் இரண்டாம் தடவை அப்படித்தான் போனோம்.

தப்பாக ஏற்றிவிட்டால் தொடக்கத்திலிருந்து ஆட வேண்டாம். கரையொதுங்கிய இடத்துக்குப் பக்கத்துப் பாழடைந்த கல்லறையில் விதர்ஸ் என்ற பாத்திரம் இருக்கிறார், 100 பொன் கொடுத்தால் யாரையும் முதல் லெவலிலிருந்து மாற்றித் தருவார். கேலை மாற்றுவதாக இருந்தால் இரண்டாம் லெவலில் எவொகேஷன் என்ற மந்திரப் பிரிவை எடுங்கள். அப்போதுதான் நெருக்கத்தில் நிற்கும் லேஸெல் மேலேயே ஃபயர்பாலைப் போட்டாலும் அவருக்கு ஒன்றும் ஆகாது.