விடுப்பில் சென்ற துப்பறிவாளர்: கிராமத்துக் குற்றக்கதை எழுதும் முறை

சிங்கப்பூர்க் குற்றப் புலனாய்வுத் துறை அதிகாரி ஒருவர் ஜூன் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு தஞ்சை வட்டாரத்துப் பூர்விக ஊருக்குச் செல்கிறார். அங்கே சந்தேகத்துக்குரிய மரணம் ஒன்று நிகழ்கிறது. இந்தக் கருவை எழுத விரும்புவோர் முதலில் அவருடைய அதிகாரத்தை முழுவதுமாகப் பறித்துவிட வேண்டும். அவருடைய அடையாள அட்டைக்கு அங்கே கைது செய்யும் உரிமையோ விசாரிக்கும் உரிமையோ கிடையாது. உள்ளூர் ஆய்வாளர் அவரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டால் கதை நம்பும்படி இராது. ஊருக்கு அவர் இன்னாருடைய பேரன், அவ்வளவே.

இரு நாட்டுச் சட்ட வேறுபாட்டைக் கதையின் முதுகெலும்பாக ஆக்குங்கள். சிங்கப்பூரில் காவல்துறை அதிகாரியிடம் மனமுவந்து அளித்த வாக்குமூலம், உரிய பதவியில் உள்ளவர் முறைப்படி பதிவு செய்திருந்தால், நீதிமன்றத்தில் சாட்சியமாகும். இந்தியாவிலோ காவல்துறையிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. அவர் சொன்னதைக் கொண்டு ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு தொடர்புடைய பகுதி மட்டுமே ஏற்கப்படும். ஆகவே ஒருவரைப் பேசவைத்தே பழகிய நம் அதிகாரி, இங்கே பொருளைத் தேடியாக வேண்டும். தமிழ்நாட்டு வழக்குகளில், காவல்துறையைச் சேராத வருவாய்த்துறை ஊழியரான கிராம நிர்வாக அலுவலரிடம் அளித்த ஒப்புதல் அடிக்கடி இடம்பெறுவதும், அதன் நம்பகத்தன்மை குறுக்கு விசாரணையில் கடுமையாகச் சோதிக்கப்படுவதும், திருப்பத்துக்கு நல்ல விதை.

காலக்கெடுவை நிலமே தருகிறது. நீர் இருப்பு போதுமான ஆண்டுகளில் காவிரியின் மேட்டூர் அணை குறுவை நெல் சாகுபடிக்காக ஜூன் 12 அன்று திறக்கப்படுவது மரபு. வறண்ட வாய்க்காலில் கிடக்கும் தடயம் தண்ணீர் வந்து சேர்வதற்குள் கண்டெடுக்கப்பட வேண்டும் என்றால், பக்கத்துக்குப் பக்கம் பதற்றம் கூடும். நீர்ப்பங்கீட்டுத் தகராறே கொலைக்கான காரணமாகவும் அமையலாம்.

சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகளின் கண்காணிப்புக் கேமராக்களுக்குப் பழகியவருக்கு இங்கே சாட்சி, வயல் மோட்டார்களை ஓட்டும் மும்முனை மின்சாரம் வரும் நேரமும் பால் வண்டி வரும் நேரமும்தான். கேள்வியும் உறவின் வழியே வரட்டும்: "பெரியம்மா, நேத்து ராத்திரி மோட்டார் போட யாரு போனா?" அவர் உடனே பதில் சொல்லாமல், "நீ சாப்பிட்டியாய்யா?" என்று பேச்சை மாற்றினால், அந்தத் தயக்கத்தை விளக்காமல் விட்டுவிடுங்கள்.

கைது உள்ளூர்க் காவலர்களின் வேலை. நம்மவர் தாம் கண்டதை அவர்களிடம் சொல்லிவிட்டு, பின்னாளில் சாட்சிக்கூண்டில் ஏறவும் ஒப்புக்கொண்டு, விடுப்பு முடிவதற்குள் சிங்கப்பூர் திரும்புவதே முறையான முடிவு.